பெங்களூரின் பழைய கட்டடங்களைக் காப்பது எப்படி: தெருவிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியவரும்போது, பெரும்பாலும் கூரை ஓடுகளை இறக்கி முடித்திருப்பார்கள். அந்த நேரத்தில் போட்டோ எடுக்கலாம், வருத்தப்படலாம். அது ஏன் முக்கியமான வீடு என்று அதிகாரியிடம் காட்ட நம் கையில் ஒரு தாள்கூட இருக்காது. அதனால் இந்த வழிகாட்டி போராட்டத்தில் தொடங்கவில்லை. எந்த ஆபத்தும் கண்ணில் படாத ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது. கட்டடம் நன்றாக நிற்கும்போதே அதைப் பதிவு செய்து, பழுது பார்த்து, அக்கம்பக்கத்தாருக்கு அதன்மேல் ஒரு பிடிப்பு வரச் செய்ய வேண்டும். பாதுகாப்பில் முக்கால் பங்கு அதுதான்.

இந்த ஊரின் தமிழர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். 1809இல் ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே மாற்றி கன்டோன்மென்ட்டை அமைத்தார்கள். அவர்களோடு வந்து குடியேறிய சிப்பாய்கள், வியாபாரிகள், கொத்தனார்கள், வீட்டு வேலைக்காரர்களில் ஏராளமானோர் தமிழ் பேசியவர்கள். கப்பன் பார்க் ஓரம் செக்கச்செவேல் என்று நிற்கிற, இன்றைய உயர் நீதிமன்றக் கட்டடமான அட்டாரா கச்சேரியை 1860களில் கட்டிக் கொடுத்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1873இல் அவர் தொடங்கிய பள்ளியின் வழிவந்த கல்வி நிலையங்கள் கன்டோன்மென்ட் பகுதியில் இன்றும் நடக்கின்றன. நம் முன்னோர் கைபட்ட செங்கல் இந்த ஊரில் நிறைய இருக்கிறது. அதைக் கன்னடம், உருது, தெலுங்கு பேசும் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து காப்பதுதான் முறை. அவர்களுடைய முன்னோர் கையும் அதே சுவரில்தான் இருக்கிறது.

முதல் படி: ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள்

ஊர் முழுவதையும் காப்பாற்றக் கிளம்பினால் ஒன்றும் நடக்காது. அரை மணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலைச் சுற்றிய தெருக்கள், சிவாஜி நகரில் புனித மரியன்னை பசிலிக்காவிலிருந்து ரசல் மார்க்கெட் வரை, மர்ஃபி டவுனின் சில சந்துகள், ஃப்ரேசர் டவுனில் ஒரு குறுக்குத் தெரு, இப்படி. நீங்கள் தினமும் காய்கறி வாங்கப் போகும் தெருவாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

நான்கைந்து பேர் போதும். ஒருவருக்குக் கன்னடம் எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அது இல்லாமல் அலுவலகங்களில் ஒரு வேலையும் நகராது. ஒருவர் அந்தத் தெருவிலேயே வளர்ந்த பெரியவராக இருக்கட்டும். ஒருவருக்கு போனில் நேராகப் படம் எடுக்கத் தெரிய வேண்டும். இன்னொருவர், பொறுமையாகக் கோப்பு பராமரிப்பவர். நான்காவது ஆள்தான் கிடைப்பதற்கு அரிது, கிடைத்தால் விடாதீர்கள்.

அல்சூர் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நாம் சொல்லும் ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் மையம் அங்கே இருக்கிறது. ராணுவ இடங்களை அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: நடந்து பட்டியல் போடுதல்

அரண்மனை, கோட்டை, பெரிய கோயில் மட்டுமே பாரம்பரியம் என்று நினைத்தால் தெரு காலியாகத் தெரியும். கிணறு, கல்தொட்டி, திண்ணை, பழைய பேக்கரியின் அடுப்பு, பெயர் பொறித்த வாசற்கல், தெருமுனைக் கல்மேடை, ஒரு பெரிய அரசமரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். எதை விடலாம் என்று பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தாள். இருக்கும் இடம், இப்போது என்னவாகப் பயன்படுகிறது, எத்தனை மாடி, சுவரும் கூரையும் தரையும் எதால் ஆனவை, என்ன மாற்றம் நடந்திருக்கிறது, எங்கே சேதம், யாரிடம் பேசினோம், எந்தத் தேதியில். இவ்வளவுதான். படம் எடுக்கும்போது முகப்பை நேராக ஒன்று, இரண்டு மூலையிலிருந்தும் சாய்வாக ஒவ்வொன்று, அப்புறம் கதவு, ஜன்னல், கூரை விளிம்பு, தரை என்று நெருக்கமாகச் சில. எங்கே நின்று எடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள். பின்னால் அதே இடத்திலிருந்து மறுபடி எடுத்தால்தான் என்ன மாறியது என்று தெரியும்.

பெங்களூர் பங்களாக்களில் கண் முதலில் தேட வேண்டியது 'மங்கி டாப்'. ஜன்னலுக்கும் போர்டிகோவுக்கும் மேலே கூரான தொப்பி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மரப்பட்டை வேலைப்பாடு அது. கீழே நின்று பார்த்தால் வெறும் அலங்காரமாகத் தெரியும். கொஞ்சம் ஏறி அருகில் பார்த்தால், ஒவ்வொரு பட்டையின் கீழ்நுனியும் கூராக வெட்டப்பட்டிருக்கும். மழைத்தண்ணீர் அந்த நுனியில் சொட்டி வெளியே விழுந்துவிடும், ஜன்னல் கட்டைக்கு வராது. பல வீடுகளில் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து நுனி மழுங்கிப்போய், தண்ணீர் உள்ளே திரும்பி, சட்டம் உளுத்திருக்கும். இந்த மாதிரிக் குறிப்பைத் தாளில் எழுதினால்தான் பிறகு தச்சரிடம் சரியாகச் சொல்ல முடியும்.

வயதைக் கணிக்கச் சில தடயங்கள். இரும்பு உத்திரங்களில் ஆங்கிலேய உருக்காலைகளின் பெயர் பொறித்திருக்கும். மங்களூர் ஓட்டைத் திருப்பினால் அடிப்பக்கம் ஆலையின் பெயர் இருக்கும். ஓட்டில் ஆண்டு இருந்தாலும் அதையே வீட்டின் ஆண்டாக எடுத்துவிட வேண்டாம்; பாசல் மிஷன் ஓட்டாலை 1865இல் தொடங்கியது, ஆலை தொடங்கிய ஆண்டைப் பொறித்த ஓடுகளும் உண்டு. பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905இல். மரப்பட்டை மேல் ஒயர் ஓடி, பீங்கான் சுவிட்ச் இருந்தால் அந்த வயரிங் அதற்குப் பிந்தையது, வீடு அதற்கு முந்தையதாகவும் இருக்கலாம். 1898இல் வந்த பிளேக்குக்குப் பிறகு நெரிசலான பகுதிகளிலிருந்து மக்களை வெளியே குடியமர்த்த ஃப்ரேசர் டவுன் போன்ற விரிவாக்கங்கள் வந்தன. அகலமான நேர்த்தெருக்களும் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தும் இருந்தால் அந்தக் காலத் திட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் படி: கல்வெட்டுகள்

இதற்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். வீடு போனால் படமாவது மிஞ்சும்; படிக்கப்படாத கல்வெட்டு போனால் அந்த வரலாறே போய்விடும்.

பெங்களூருக்கு 500 வயது என்று பொதுவாகச் சொல்வார்கள். பேகூர் கோயிலில் உள்ள ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டு நடுகல்லில் 'பெங்களூர்' என்ற இடத்தில் நடந்த சண்டை பழங்கன்னடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஹெப்பாளில் 2018இல் தெரியவந்த கிட்டய்யாவின் நடுகல் அதற்கும் முந்தையது, சுமார் கி.பி. 750. தமிழ்க் கல்வெட்டுகளும் இந்த ஊர் எல்லைக்குள் நிறைய உள்ளன. காடுகோடி பக்கம் பட்டந்தூரில், ராஜேந்திர சோழன் காலத்து 1043ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒருவர் ஏரி கட்டி மதகு வைத்ததைச் சொல்கிறது. மடிவாளா சோமேஸ்வரர் கோயில் சுவரில் உள்ள 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெங்காலூர்ப் பெரிய ஏரியின் கீழ் நிலம் தானம் தரப்பட்டதைப் பதிவு செய்கிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் அந்த ஊருக்குத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயர் வருகிறது. இன்றைக்கு மென்பொருள் அலுவலக பஸ்கள் நிற்கும் இடங்கள் இவை.

இந்தக் கற்களுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் பக்தியோடுதான் வருகிறது. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் நல்லெண்ணத்தோடு சுவரைத் 'துப்புரவு' செய்கிறார்கள். மணலை வேகமாக அடித்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும்போது எழுத்தின் விளிம்பும் கூடவே போகிறது. எனாமல் பெயின்ட், கிரானைட் பலகை, டைல்ஸ், புது மண்டபத்தின் கான்கிரீட் தூண் எல்லாம் எழுத்தை மறைத்துவிடுகின்றன. நடுகற்களைத் துணி துவைக்கும் கல்லாகவும், சாக்கடை மூடியாகவும், மைல்கல்லைப் போலச் சாலையோரத்திலும் பார்க்கலாம்.

எனவே செய்ய வேண்டியது இது. உங்கள் பகுதிக் கோயிலில் எந்தச் சுவரில் எழுத்து இருக்கிறது என்று முதலில் குறியுங்கள். அடித்தளத்தின் பட்டிகள், கருவறையின் வெளிச்சுவர், வாசல் நிலைக்கல், வெளியே சாய்த்து வைத்த பலகைக் கல் என்று தேடுங்கள். உச்சிவெயிலில் எழுத்து தெரியாது. காலை, மாலைச் சாய்வெயிலில், அல்லது இருட்டியபின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வெறும் சொரசொரப்பு என்று நினைத்த இடத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல் விழும், 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற தொடக்கம் எழுந்து வரும். நான்கு பக்கமிருந்தும் வெளிச்சம் மாற்றிப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். சாக்பீஸ், மாவு, எண்ணெய், விபூதி எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள். கம்பிப் பிரஷ்ஷும் ஆசிட்டும் கிட்டவே வரக்கூடாது. மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

தமிழ் தெரியும் என்பதால் உடனே படித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பழைய எழுத்து வடிவம் வேறு, நடுவில் கிரந்த எழுத்துகள் வரும், மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, வார்த்தைகளுக்கு இடைவெளி கிடையாது. ஆனாலும் தினமும் தமிழ் படிக்கிறவருக்கு ஊர்ப் பெயர், 'தேவர்', 'நிலம்', 'ஏரி', 'சந்திராதித்தவரை' என்று ஒன்றிரண்டு சொல் பிடிபட்டுவிடும். கடைசியில் இந்தத் தர்மத்தைக் காத்தவனின் பாதம் என் தலைமேல் என்றும், அழித்தவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றும் வரும். திருப்பணிக் குழுவிடம் பேசும்போது இந்த வரியைக் காட்டுங்கள். சட்டத்தைவிட இது சீக்கிரம் வேலை செய்யும்.

ஏற்கெனவே படிக்கப்பட்டதா என்று பார்க்க இரண்டு வழி. இதே பெங்களூரில் பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் தொகுத்த எபிகிராஃபியா கர்நாட்டிகாவின் ஒன்பதாம் தொகுதி, 1905இல் வந்தது, பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளுக்கானது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் உண்டு. அடுத்தது, நிருபதுங்கா சாலையில் உள்ள மிதிக் சொசைட்டி. 1909இல் தொடங்கிய அமைப்பு. பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து பாதுகாக்கும் திட்டம் ஒன்றை அவர்கள் நடத்துகிறார்கள். ரைஸ் பட்டியலில் இருந்து இப்போது இடம் தெரியாமல் போன கல்லோ, பட்டியலிலேயே இல்லாத கல்லோ கண்ணில் பட்டால் அவர்களுக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். மைப்படி எடுப்பதை, அதாவது கல்மேல் தாள் ஒட்டி மையால் எழுத்தைப் படியெடுப்பதை, தொழில் தெரிந்தவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மனசார சொல்ல வேண்டும். தமிழ்க் கல்வெட்டு கிடைத்தவுடன் 'பார், இது எங்கள் ஊர்' என்று வாட்ஸ்அப்பில் போடுவது அந்தக் கல்லுக்கே தீங்கு. மொழிச் சண்டையில் சிக்கிய கல்லைக் காக்க யாரும் முன்வர மாட்டார்கள். அந்தக் காலத்து மக்கள் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் அக்கம்பக்கமாகவே எழுதி வைத்தார்கள். பேகூர்க் கன்னடக் கல்லுக்கும் நாம் குரல் கொடுத்தால்தான் மடிவாளாத் தமிழ்க் கல்லுக்கு அவர்கள் குரல் கொடுப்பார்கள்.

நான்காம் படி: காகிதமும் நினைவும்

வீட்டுக்காரரிடம் பழைய கிரயப் பத்திரம், கட்டா என்கிற மாநகராட்சிச் சொத்துப் பதிவு, வரி ரசீது, வரைபடம் இருந்தால் அங்கேயே படம் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எடுத்துப் போகக் கேட்கவே வேண்டாம்; சொத்துக் காகிதம் என்றால் யாருக்கும் பயம் இருக்கும், அது நியாயம்தான். பள்ளி, தேவாலயம், மசூதி, சங்கம் என்றால் ஆண்டு மலர்களும் கணக்குப் புத்தகங்களும் இருக்கும்; கட்டட நிதிக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் அதில் கிடைத்தால் தெருவின் பாதிக் கதை வந்துவிடும்.

பெரியவர்களிடம் பேசும்போது 'இந்த வீட்டின் வரலாறு என்ன' என்று கேட்டால், "எனக்கு என்னப்பா தெரியும்" என்பார்கள். தண்ணி எங்கிருந்து வந்தது, சமையல் எந்த அறையில் நடந்தது, பிரசவம் எங்கே, கல்யாணப் பந்தல் எங்கே போட்டார்கள், மழை எந்த மூலையில் ஒழுகும் என்று கேளுங்கள். பழைய போட்டோவைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசவிட்டால் பேச்சு தானாக ஓடும். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேட்டு, அதையும் பதிவிலேயே சொல்லவையுங்கள். போட்டோக்களை லேமினேட் செய்ய வேண்டாம். ஸ்கேன் எடுத்துவிட்டு அசலைக் காய்ந்த இடத்தில் காகித உறையில் வைக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுதல்

மூன்று அடுக்கு. மேலே, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை: 1791இல் முடிந்த திப்புவின் கோடை அரண்மனை, கோட்டையின் எஞ்சிய பகுதி போன்றவை. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்கின்றன. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்டலாம். அடுத்தது, 1961ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்கீழ் கர்நாடகத் தொல்லியல் துறை அறிவித்த சின்னங்கள். மூன்றாவது, மற்றதெல்லாம். நீங்களும் நானும் குடியிருக்கும் தெருவின் பழைய வீடுகள் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான். 1984இல் தொடங்கிய, பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் என்ற அமைப்பின் பட்டியலில் ஒரு கட்டடம் இருப்பது நல்ல ஆதாரம், ஆனால் அதனால் மட்டும் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. பலர் இங்கே ஏமாந்துபோகிறார்கள்.

கோயில் அரசின் முஜ்ராய் துறையை, அதாவது அறநிலையத் துறையை, சேர்ந்ததா, தனியார் அறக்கட்டளையா, மாநகராட்சிக் கட்டடமா என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மாநகராட்சி 2025இல் ஐந்தாகப் பிரிந்துவிட்டதால் உங்கள் தெரு இப்போது எதில் வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தகவல் வேண்டுமென்றால் ஆர்.டி.ஐ. மனு போடலாம். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம்தான், 150 வார்த்தைக்குள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். நீளமாக எழுதிக் கதை சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தோண்டும்போது பழம்பொருள் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, சிற்பம் போன்றவை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். அவற்றைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

ஆறாம் படி: பழுது பார்த்தல்

பழைய கட்டடத்துக்கு முதல் எதிரி தண்ணீர். இரண்டாவது எதிரி, அந்தத் தண்ணீரைத் தடுக்கிறேன் என்று பூசும் சிமெண்ட்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்தது. தரையிலிருந்து ஈரம் ஏறும், மழையில் நனையும், வெயிலில் அந்த ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய்விடும். மேலே சிமெண்ட் பூசினால் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஓதம் சுவருக்குள்ளேயே ஏறி, ஆள் உயரத்துக்கு வந்து, உப்பாகப் பூக்கிறது. சில மழைக்காலம் கழித்து அந்த சிமெண்ட் பூச்சைக் கையால் தட்டிப் பாருங்கள், உள்ளே காலி என்று சத்தம் வரும். பெயர்த்தால் பின்னால் செங்கல் மாவாக உதிரும். மேஸ்திரி, "சுவர் வீக் சார், இடிச்சுட்டுப் புதுசா கட்டிடலாம்" என்பார். சுவரைக் கெடுத்தது சிமெண்ட் என்று சொல்ல அங்கே ஆள் இருக்க வேண்டும்.

வேலையை மேலிருந்து கீழே பாருங்கள். மழைக்காலத்துக்கு முன் கூரை. உடைந்த ஓடு, அடைத்த மழைநீர்க் குழாய், துருப்பிடித்த தகரத் தாழ்வாரம் மூன்றையும் சரி செய்தாலே பாதி நோய் போய்விடும். மர உத்திரங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால், அந்த உத்திரங்களின் நுனி சுவருக்குள் போகும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உளுப்பதும் கரையான் பிடிப்பதும் முதலில் அங்கேதான். முழு உத்திரத்தையும் மாற்றாமல் கெட்ட நுனியை மட்டும் வெட்டி நல்ல மரம் ஒட்டித் தரும் தச்சர்கள் இருக்கிறார்கள். சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள். வேரோடு செங்கல்லும் வரும். வெட்டிவிட்டு, வேர் செத்தபின் எடுத்து, காரையால் இடுக்கை அடைக்க வேண்டும்.

காரைக்கு நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டிலிருந்து மூன்று பங்கு, ஈரமான இடத்துக்குச் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் கொஞ்சம் என்பது பொதுவான அளவு. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்ப்பது நம் பக்கத்துப் பழக்கம். இருக்கிற காரையை ஒரு துண்டு எடுத்துப் பார்த்து அதற்கு ஒத்துப்போகிற கலவையைத்தான் போட வேண்டும், அதனால் மூலையில் ஒரு சிறு இடத்தில் பூசிப் பார்த்துவிட்டுப் பெரிய வேலையைத் தொடங்குங்கள். பூசியபின் பல நாள் ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். அவசரப்படுகிறவருக்குச் சுண்ணாம்பு ஒத்துவராது. உள்ளூரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்காவிட்டால் காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டுப் பூச்சு செய்கிறவர்களை விசாரியுங்கள்.

சிவப்புத் தரையையும் பூப்போட்ட சிமெண்ட் கல் தரையையும் பெயர்த்து வெள்ளை டைல்ஸ் போடுவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். மெழுகு போட்டுத் தேய்த்தால் இன்னொரு தலைமுறைக்கு வரும்.

ஏழாம் படி: வீட்டுக்காரரோடு பேசுவது

ஒரு வீட்டில் ஏழெட்டு வாரிசு, வெளிநாட்டில் இரண்டு பேர், கீழே குறைந்த வாடகைக்கு நாற்பது வருடமாகக் குடியிருப்பவர், பக்கத்து மனைக்குப் பில்டர் சொன்ன விலை. இதுதான் நிலைமை. அவரிடம் போய் 'பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்' என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. வீட்டை வைத்துக்கொண்டே எப்படி வருமானம் பார்க்கலாம் என்று பேசுங்கள். முன்பக்க அறைகளைக் கடைக்கோ, கிளினிக்குக்கோ, சாப்பாட்டுக் கடைக்கோ, பாட்டு வகுப்புக்கோ வாடகைக்கு விடலாம். பின்பக்கம் புதிதாக ஒன்று கட்டி முகப்பை அப்படியே வைக்கலாம். அரண்மனைச் சாலையில் சுரங்க அதிபர் மாணிக்கவேலு முதலியாரின் மாளிகை 2009இல் தேசிய நவீன கலைக் கூடமாகத் திறக்கப்பட்டது. பழைய மத்தியச் சிறை இன்று ஃப்ரீடம் பார்க். புதுப் பயன்பாடு வந்த கட்டடம் நிற்கும், பூட்டிக்கிடக்கும் கட்டடம் விழும். வாரிசுகள் அனைவரையும் ஒரு மேசையில் உட்காரவைக்க ஒரு நல்ல வக்கீலை அறிமுகப்படுத்தினால் அதுவே பெரிய பாதுகாப்பு வேலை.

எட்டாம் படி: இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால்

அன்றைக்கே முழுக் கட்டடத்தையும் வெளியிலிருந்து படம் எடுங்கள். அனுமதி கிடைத்தால் உள்ளேயும். அடுத்து உரிமையாளரிடம் நேரில் பேசுங்கள். போலீசுக்கும் பத்திரிகைக்கும் முன்னால் அவர். இடிக்க அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று மாநகராட்சியில் கேளுங்கள். உங்கள் தாள், படங்கள், பெரியவரின் பதிவு, பழைய பத்திரத்தின் நகல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பாக மாநகராட்சி ஆணையர், மாநிலத் தொல்லியல் துறை, இன்டாக் பெங்களூர் கிளை மூன்றுக்கும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கடிதத்தோடு அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பிறகுதான் ஊடகம், அதற்கும் பிறகு பொதுநல வழக்கு.

இது வீண் முயற்சி இல்லை. 1980களில் அட்டாரா கச்சேரியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் யோசனை வந்தபோது குடிமக்கள் நீதிமன்றம் வரை போனார்கள். கட்டடம் இன்றும் நிற்கிறது. எதிர் உதாரணமும் உண்டு: லால்பாக்கில் இருந்த கிரும்பிகல் ஹால், அரசுத் தோட்டத்துக்குள்ளேயே கவனிப்பாரில்லாமல் சிதைந்து, 2017இல் இடிக்கப்பட்டது. அங்கே தேவைப்பட்டது ஒழுகாத ஒரு கூரை.

எதுவும் முடியாமல் போனால், இடிப்பதற்கு முன் இரண்டு நாள் கேளுங்கள். அளவெடுத்து வரைபடம் போடுங்கள். கதவு, மங்கி டாப், தரைக்கல், பெயர்ப்பலகைக் கல் ஆகியவற்றைப் புது வீட்டிலேயே பொருத்தச் சொல்லிப் பாருங்கள். நிறைய பேர் சம்மதிப்பார்கள்.

ஒன்பதாம் படி: கொண்டாடுவது

மக்கள் தங்கள் தெருவைப் பெருமையோடு காட்டத் தொடங்கிவிட்டால் அதைத் தொட பில்டர் யோசிப்பார். வருடத்துக்கு இரண்டு நடைப்பயணம் போதும். ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள், நவம்பர் 19 முதல் 25 வரை பாரம்பரிய வாரம். பதினைந்து இருபது பேருக்கு மேல் வேண்டாம், ஒன்றரை மணி நேரம், மைக் வேண்டாம். கடைக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, அவர்களையே இரண்டு நிமிடம் பேசவையுங்கள். 1927இல் கட்டிய ரசல் மார்க்கெட்டைப் பற்றி அங்கே தலைமுறையாகப் பூ விற்கிறவர் சொல்வது வேறு, நாம் சொல்வது வேறு. 2012 தீ விபத்துக்குப் பிறகு அவர்கள் எப்படி மீண்டார்கள் என்று கேளுங்கள்.

திருவிழாக்களோடு சேர்த்துத் திட்டமிட்டால் கூட்டம் தானாக வரும். கன்னட நாட்காட்டியின் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து கிளம்பும் கரகம், திகளர் சமூகத்தாருடையது. தமிழ்நாட்டோடு பழைய தொடர்பு உள்ளவர்கள். கரகம் வழியில் மஸ்தான் தர்காவுக்கும் போய் வரும். அல்சூரில் சோமேஸ்வரர் தேரும் பூப்பல்லக்குகளும். சிவாஜி நகரில் 1882இல் எழுந்த மரியன்னை ஆலயத்தில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 தேர், தமிழில் பூசை. விழாவுக்கு முந்தைய வாரம் கோயில் மண்டபத்திலோ பங்கு அரங்கிலோ தெருவாரின் பழைய குடும்பப் படங்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். 'இது எங்க தாத்தா கடை' என்று யாராவது வந்து நிற்பார்கள், அவரிடமிருந்து அடுத்த தாளை நிரப்பலாம்.

விளக்கப் பலகை வைப்பதானால் கன்னடம் மேலே, கீழே தமிழும் ஆங்கிலமும், தெருவைப் பொறுத்து உருதும். பழைய சுவரில் துளை போடாமல் தனிக் கம்பத்தில் நடுங்கள். படங்களை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுங்கள். தெருவிலிருந்து எடுத்த கட்டடப் படத்துக்குச் சட்டத் தடை இல்லை, ஆனால் வீட்டுக்குள் எடுத்ததற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும், பத்திர நகல்களை ஏற்றவே கூடாது. கோப்பின் ஒரு பிரதி குழுவில் ஒருவர் வீட்டில், ஒன்று உள்ளூர்ப் பள்ளி நூலகத்திலோ தமிழ்ச் சங்கத்திலோ, இன்னொன்று இணையத்தில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே இடங்களில் நின்று, அதே வரிசையில் மறுபடி படம் எடுத்துத் தாள்களைத் திருத்துங்கள்.